தண்ணீரை எங்கே அனுப்பினோம்?

மழை விட்ட மறுநாள் காலையில் சென்னை நந்தனத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "உங்க தெருவுல தண்ணி வடிஞ்சிடுச்சா?" வடிந்திருந்தால் நிம்மதி. வடியாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைப்போம், கவுன்சிலரை அழைப்போம், மோட்டார் எப்போது வரும் என்று பக்கத்துத் தெருவில் விசாரிப்போம். மூன்றாம் நாள் சாலை காய்ந்துவிடும். பால் வரும், பேப்பர் வரும். அத்தோடு நமக்கு வெள்ளம் முடிந்தது.

வடிந்த தண்ணீர் எங்கே போனது, போன இடத்தில் யார் இருந்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. எழுபது ஆண்டுகளாக நாம் செய்துவரும் பெரும் அலட்சியம் இது. நாம் என்று இங்கே சொல்வது சொந்த வீடும் அடுக்ககமும் உள்ளவர்களை, பத்திரமும் பட்டாவும் பத்திரமாக வைத்திருப்பவர்களை, குடியிருப்போர் நலச்சங்கத்தில் கையெழுத்துப் போடுபவர்களை. மழையில் நாமும் நனைந்தோம், நாமும் இழந்தோம். ஆனாலும் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே நம்மை வைத்துப் பேசிவந்திருக்கிறோம். மறுபக்கக் கணக்கையும் எழுதியாக வேண்டும்.

காலடி மண்ணிலிருந்தே தொடங்கலாம். அண்ணா சாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை வில் போல வளைந்து கிடந்தது ஒரு பெரிய ஏரி. வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தென்பகுதி மயிலாப்பூர் ஏரி. இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்கூட அதில் படகுப் போட்டி நடந்திருக்கிறது. 1920களில் அதை வடித்து தியாகராய நகரை எழுப்பினார்கள். பிறகு சி.ஐ.டி. நகரும் நந்தனமும் வந்தன. நந்தன ஆண்டில் உருவான குடியிருப்பு என்பதால் ராஜாஜி இந்தப் பெயரைச் சூட்டினார் என்பார்கள். அந்த ஆண்டு 1952–53. ஏரியின் கடைசி மிச்சத்தில் குப்பை கொட்டி மேடாக்கி, 1976இல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஒரு லேக் வியூ சாலை இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை.

ஏரியை வடித்தவர்கள் நாம் இல்லை. அப்போது நம்மில் பலர் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் ஏரியில் வீடு வாங்கியவர்கள் நாம்தான். வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்த்தோம், வாஸ்து பார்த்தோம், மெட்ரோ எவ்வளவு தூரம் என்று பார்த்தோம். இந்த மண்ணில் முன்பு தேங்கிய மழை இனி எங்கே தேங்கும் என்று பார்க்கவில்லை. ஏரி என்பது மழையை நிறுத்திவைக்கும் இடம். நிறுத்திவைக்க இடம் இல்லாமல் போனால் பெய்தது மொத்தமும் அதே மணி நேரத்தில் வேறொருவர் வாசலுக்குப் போயாக வேண்டும். அப்படிப் போவதைத்தான் நாம் 'வடிகிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வடிவதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகருக்குள் புகுந்து, சி.ஐ.டி. நகரையும் நந்தனத்தையும் தொட்டு அடையாற்றில் சேர்கிறது. ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம்; தி.நகரின் மழையெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தக் கால்வாயை நாம் எப்படி நடத்தினோம்? பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டோம். நாற்றம் தாங்கவில்லை, மேலே மூடிவிடுங்கள் என்று மனுக் கொடுத்தோம். அந்த நாற்றத்தில் ஒரு பங்கு நம் வீட்டிலிருந்தே போகிறது என்பது தெரிந்தும் பேசாமல் இருந்தோம். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது கழிவுநீரை மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிடச் சொல்வது ஊரறிந்த வழக்கம். வந்த பிளம்பர் "சார், இதுல விட்டுடலாமா?" என்று கேட்டபோது, "பிரச்சினை தீர்ந்தா சரி" என்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வீட்டை இடித்துக் கட்டியபோது மிச்சமான செங்கல் கழிவும் சிமென்ட் பாலும் எங்கே போயின என்று கொத்தனாரைக் கேட்டோமா?

2021 நவம்பர் 6 இரவு தொடங்கி 7 காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தி.நகர் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. பல கோடி செலவழித்து ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்த அதே பகுதி. கால்வாயைச் சீரமைக்க வந்தவர்கள் கட்டடக் கழிவை அதற்குள்ளேயே விட்டுவைத்து நீரோட்டத்தை அடைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஒப்பந்ததாரர்கள் மீது நாம் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் அந்த வேலை மாதக்கணக்கில் நம் கண்முன்தான் நடந்தது. கால்வாய்க்குள் கழிவு குவிவதை மாடியிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? "சாலையை எப்போது திறப்பார்கள்?" என்று கேட்டோம். "இந்தக் கால்வாய்க்குள் ஏன் இவ்வளவு மண் கிடக்கிறது?" என்று கேட்கவில்லை.

இனி 2015. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்திருந்தது. ஏரிகளெல்லாம் ததும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 காலையிலிருந்து 2 காலைக்குள் தாம்பரத்தில் 494 மில்லிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 475. "ஏரி திறந்துட்டாங்களாம்" என்ற பேச்சு வந்து சேர்ந்த நேரத்தில் பல தெருக்களில் தண்ணீர் ஏற்கெனவே படியைத் தொட்டிருந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அதோடு ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் மேல் ஆறு ஓடியது. கோட்டூர்புரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் தரைத்தளம் முழுகியது. 1976இலும் அதே கோட்டூர்புரம் அடையாற்றில் முழுகியிருக்கிறது. நாற்பது ஆண்டுக்குள் ஆறு இரண்டு முறை ஒரே இடத்துக்கு வந்து தன் அளவைக் காட்டியும் நாம் குறித்துக்கொள்ளவில்லை.

2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று சொன்னது. ஏரியைக் கையாண்ட விதம், ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு, அனுமதி கொடுத்த அலுவலகங்கள் என்று அதில் பல பக்கங்கள். அவற்றில் நாம் ஆசையாக எடுத்துக்கொண்டது ஒரே சொல்லை: ஆக்கிரமிப்பு. அந்தச் சொல்லுக்கு நம் மனதில் ஒரே படம். ஆற்றங்கரைக் குடிசை. அடையாற்றின் மேலேயே விமான நிலைய ஓடுபாதை நீள்கிறது. மணப்பாக்கம் பக்கம் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கியிருக்கின்றன. நாமே ஏரிப் படுகையில் படுத்து உறங்குகிறோம். இவை எதையும் நாம் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை. தார்ப்பாயும் ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீடுகள்தான் ஆற்றை மறித்தன என்று தேநீர்க் கடையிலும் பூங்கா பெஞ்சிலும் பேசித் தீர்த்தோம்.

அந்தப் பேச்சுக்குப் பலன் கிடைத்தது. வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை அடையாற்றங்கரையில் வீடுகள் இடிபடத் தொடங்கின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கும் பிற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள். பல பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு நடுவில் அறுந்தது. அரையாண்டு எழுதிய பிள்ளை முழு ஆண்டை எங்கே எழுதியது என்று நம் தெருவில் யாரும் தேடவில்லை. அடையாற்றின் கரை விரிந்தது, வேலி போட்டார்கள், மரக்கன்று நட்டார்கள். "இப்பதான் ஆறு மாதிரி இருக்கு" என்றோம்.

போனவர்கள் யார் என்று நமக்கு நன்றாகவே தெரியும். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், மாவு அரைத்துக் கொடுத்தவர், துணிக்குப் பெட்டி போட்டவர், ஆட்டோவில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர், நம் சம்ப்பைக் கழுவித் தந்தவர். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நம் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் வரை படிந்த சேற்றை வாரிக் கொட்டியவர்களில் பலருக்கு அந்த வாரம் வீடே இல்லை. "எப்ப வருவே?" என்று அவர்களிடம் போனில் கேட்டோம். "உன் வீடு என்னம்மா ஆச்சு?" என்பதை இரண்டாவதாகக் கேட்டோம், சிலர் கேட்கவே இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் பிடித்த வீடுகளும் உண்டு. ஊரைச் சுத்தம் செய்ய வேறு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிவந்தார்கள். கையுறை இல்லாமல் நம் வாசலில் அழுகிய மெத்தைகளை இழுத்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. நம்மை மொட்டைமாடியிலிருந்து படகில் இறக்கிய மீனவர்கள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் இன்றும் கடல் அலைக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் நடுவில் மீனவர்கள் வாழ்கிறார்கள். படகுக்காரர்களுக்குக் கைதட்டினோம். அவர்கள் வீடு கேட்டுப் போராடியபோது போக்குவரத்து நெரிசல் என்று சலித்துக்கொண்டோம்.

பெரும்பாக்கம் நந்தனத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு நம் வாசலில் நிற்க வேண்டுமானால் ஐந்து மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். அதனால் பலர் வேலையை விட்டார்கள். நமக்கு வேறு ஆள் கிடைத்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது வரைபடத்தில் பார்த்திருந்தால் நமக்குத் தூக்கம் வந்திருக்காது. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடங்கள். தென்சென்னை ஏரிகளின் உபரியெல்லாம் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களைச் சதுப்பின் கரையில் இறக்கிவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கே அடுக்குமாடிகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மின்சாரம் நின்றால் எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது, குழாயில் தண்ணீர் ஏறாது. முதியவர்கள் மேலேயே இருந்துவிட வேண்டியதுதான். நம் தெரு அந்தப் புயலில் 2015 போல மூழ்கவில்லை. "இந்தத் தடவை பரவாயில்லை" என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம். யாருக்குப் பரவாயில்லை?

தண்ணீரும் மனிதர்களும் மட்டுமா? நம் குப்பையும் அதே திசையில்தான் போகிறது. தென்சென்னையின் குப்பை பெருங்குடிக் கிடங்குக்குப் போனது. அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த நம் சோபாக்களும் மெத்தைகளும் பிரிட்ஜுகளும் தெருமுனையிலிருந்து லாரியில் ஏறியபோது வீடு சுத்தமானது என்று மூச்சு விட்டோம். மழையை உறிஞ்சி வைக்க வேண்டிய நிலத்தின் மேல் நம் கழிவைப் போட்டு அமுக்கிவிட்டு, அடுத்த மழைக்கு வேளச்சேரி ஏன் மூழ்குகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்து வியந்தோம். 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் ஏறியபோது பெருமைப்பட்டவர்களும் நாம்தான்.

இனி நம் மதில் சுவருக்குள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாமும் அமைத்தோம். அபராதத்துக்குப் பயந்து, அனுமதிக்காக, ஒரு குழாயும் ஒரு உறையும் வைத்தோம். அந்த உறையைக் கடைசியாகத் திறந்து மண் எடுத்தது எப்போது என்று நம் அடுக்ககச் செயலாளரைக் கேட்டால் பதில் வராது. வீட்டைச் சுற்றி இருந்த மண்ணைக் காருக்காகவும், காலில் சேறு ஒட்டக் கூடாது என்பதற்காகவும் சிமென்ட் போட்டு மூடினோம். முன்பு அந்த மண் குடித்த மழை இப்போது கேட்டுக்கு அடியில் தெருவுக்கு ஓடுகிறது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது மூன்றடி மண் கொட்டி மனையை உயர்த்தினோம். நமக்கு வெள்ளம் வராது என்று அந்த மூன்றடிக்கு அர்த்தம். இடிக்க வசதியில்லாத பக்கத்து ஓட்டு வீட்டுக்கு, அங்கே தனியாக இருக்கும் முதியவருக்கு, அதே மூன்றடிக்கு வேறு அர்த்தம். நம் வளாகத்தில் மோட்டார் போட்டு இறைத்த தண்ணீர் பல இரவுகளில் அவர் வாசலுக்குத்தான் போயிற்று.

அரசின் வேலையை நம் தலையில் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏரியைத் திறப்பதும், ஆற்றைத் தூர்வாருவதும், சதுப்பில் கட்டட அனுமதி மறுப்பதும் அரசின் பொறுப்பு. அதில் தவறியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சுயவிமர்சனம் அவர்களை விடுவிக்காது. ஆனால் அரசு யாருடைய குரலுக்குக் காது கொடுக்கிறது? நம் போன்றவர்களின் குரலுக்குத்தான். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் மருத்துவர்களும் இந்தத் தெருக்களில் இருக்கிறோம். நாம் எழுதிய மனுக்களுக்குப் பதில் வந்திருக்கிறது. அந்த மனுக்களில் என்ன எழுதினோம்? நம் தெரு வடிகாலை அகலப்படுத்துங்கள், நம் சாலையை உயர்த்துங்கள், நம் முனைக்கு ஒரு மோட்டார் வையுங்கள். கரையிலிருந்து ஒரு குடும்பத்தைப் பெயர்க்கும்போது ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு கொடுங்கள் என்று நம் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லை. பெருவெள்ளம் கண்ட ஊரில் கேள்வி கேட்க ஒரு மன்றம் இல்லையே என்று நாம் கொதிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாநிலத்திலேயே மிகக் குறைவு. அன்று சனிக்கிழமை, விடுமுறை. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று மாநிலத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கால்வாய்க்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், தூர் எடுத்த மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று நேருக்கு நேர் கேட்கும் இடம் அது. அந்த நாற்காலிகளில் நாம் உட்காரவில்லை.

ஆகவே, நந்தனத்துக்காரர்களாகிய நாம் ஒப்புக்கொள்கிறோம். வெள்ளம் நம் வாசலை விட்டுப் போனால் போதும் என்று வாழ்ந்தோம். அது போய்ச் சேர்ந்த வாசலில் இருந்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள், நமக்காக உழைத்தவர்கள். அவர்களை அங்கே அனுப்பிய முடிவில் நம் மௌனத்துக்கும் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். நாம் எதையும் மாற்றாமல் அந்த மன்னிப்பை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

மாற்ற வேண்டியதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம். மழைநீர் வடிகாலில் சேரும் நம் கழிவுநீர் இணைப்பை, குடிநீர் வாரியம் வந்து கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், நாமே கண்டுபிடித்துத் துண்டிப்போம். செப்டம்பருக்குள் ஒவ்வொரு அடுக்ககத்திலும் சேகரிப்பு உறையைத் திறந்து மண் எடுப்போம். காருக்குத் தேவையில்லாத சிமென்டைப் பெயர்ப்போம். தூர் எடுக்கும் வாரத்தில் மாம்பலம் கால்வாய்க் கரையில் நின்று பார்ப்போம், எடுத்த தூர் எங்கே போகிறது என்று கேட்போம். வீட்டு வேலைக்கு வருபவருக்கு மழை நாளின் சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம் என்பதைச் சங்கத்தின் தீர்மானமாகவே எழுதுவோம். மனையை உயர்த்திக் கட்டுபவர் பக்கத்து வீட்டுத் தண்ணீருக்கு வழி காட்டாமல் கட்டினால், அது நம் சொந்தச் சங்கத் தலைவராக இருந்தாலும் எதிர்ப்போம்.

அடுத்த நவம்பர் 1 பகுதி சபையில் நந்தனத்தின் முதல் கேள்வி நந்தனத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் இந்த மழைக்கு என்ன ஏற்பாடு, மின்சாரம் நின்றால் அந்த எட்டு மாடிகளில் இருக்கும் முதியவர்களை யார் இறக்குவார்கள், அங்கே போனவர்களில் திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வீடு கட்ட எந்த அரசு நிலம் இருக்கிறது? இதைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு நம் தெருவைப் பற்றிப் பேசலாம்.